இணையம் இல்லாத வைஃபை

மாடியில் சோலார் தகடு பொருத்திய மறுநாள் பல வீடுகளில் ஒரு குழப்பம் வரும். கைபேசியின் வைஃபை பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைத்திருக்கும். இரண்டு மூன்று ஆங்கில எழுத்து, பின்னால் நீளமாக ஓர் எண். மனிதர் யாரும் ஆசையாக வைத்த பெயராகத் தெரியாது. தொட்டால் கடவுச்சொல் கேட்கும். சோலார் போட வந்தவர் சொல்லிவிட்டுப் போன எட்டு இலக்கத்தைக் கொடுத்தால் இணைந்துவிடும். இணைந்த கையோடு 'இணைய வசதி இல்லை' என்று கைபேசி அறிவிக்கும். கொஞ்ச நேரம் விட்டால் அதைக் கைவிட்டு மொபைல் டேட்டாவுக்கே திரும்பிவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பே கிடையாது. அப்படியென்றால் இந்த வைஃபை எங்கிருந்து வருகிறது? இணையம் தராத வைஃபை யாருக்கு, எதற்கு?

செஞ்சி மாதிரி ஊர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது நெருக்கமானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் பார்க்க வருகிறவர்கள் கையில் எல்லாம் கைபேசி இருக்கிறது. குன்றுகளுக்குக் கீழே இருக்கும் ஊரிலும் சுற்றியுள்ள நெல், மணிலா வயல்களிலும் சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகள் பெருகுகின்றன: கடையின் கண்காணிப்புக் கேமரா, மாடியின் சோலார் இன்வெர்ட்டர், மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர். இவற்றில் பல தாமாகவே ஒரு வைஃபையை நடத்துகின்றன. வைத்திருப்பவருக்கே அது தெரியாமலும் போகலாம்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடலாம். வைஃபையும் இணையமும் ஒன்றல்ல. வைஃபை என்பது பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும் முறை, அவ்வளவுதான். நம் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் ஓர் இணையக் கம்பி வருவதால் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கம்பியைப் பிடுங்கினாலும் ரவுட்டரின் வைஃபை அப்படியே இருக்கும். கைபேசியும் ரவுட்டரும் பேசிக்கொண்டேதான் இருக்கும். ரவுட்டரிடம் வெளியுலகச் செய்தி இருக்காது, அது ஒன்றே வித்தியாசம்.

இன்வெர்ட்டருக்குள்ளும் கேமராவுக்குள்ளும் இருப்பது தபால்தலை அளவே உள்ள ஒரு கணினி. இன்னொரு பொருளுக்குள் அடங்கி, அந்தப் பொருளின் வேலையை மட்டும் பார்க்கும் இத்தகைய கணினியை உட்பொதி கணினி என்கிறோம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரஸிஃப் நிறுவனம் 2014-ல் இ.எஸ்.பி.8266 என்ற சில்லையும், 2016-ல் இ.எஸ்.பி.32 என்ற அதன் தம்பியையும் கொண்டுவந்தபின் சில நூறு ரூபாய்க்கு வைஃபை ரேடியோவோடு சேர்ந்த முழுக் கணினியே கிடைக்கத் தொடங்கியது. பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் பலகையிலிருந்து ஸ்மார்ட் பல்பு வரை இன்று இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம். இ.எஸ்.பி.32-ன் வேலை நினைவகம் சுமார் 520 கிலோபைட். ஒரு சாதாரணப் புகைப்படம் அதில் அடங்காது. ஆனால் ஒரு வைஃபையை நடத்த அது போதும்.

இந்தக் கணினிக்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. வீட்டு ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அதற்காகத்தான் அது கொஞ்ச நேரம் தானே ஒரு ரவுட்டர் வேடம் கட்டுகிறது. தன் பெயரைக் காற்றில் அறிவிக்கிறது. வந்து சேரும் கைபேசிக்கு ஒரு முகவரி எண் கொடுக்கிறது. கைபேசியின் பிரவுசரில் 192.168.4.1 என்று தட்டினால், தன் ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டுகிறது. இ.எஸ்.பி. சில்லுகள் பழக்கமாக வைத்துக்கொள்ளும் முகவரி அது; வேறு தயாரிப்பாளர்கள் வேறு எண் வைப்பார்கள். அந்தப் பக்கம் எந்த இணையதளத்திலிருந்தும் வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளிருந்தே வருகிறது. நம் கைபேசியின் திரையைப் பெட்டி இரவல் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பிற கருவிகள் வந்து சேர இடம் கொடுக்கும் கருவிக்கு அணுகு புள்ளி என்று பெயர்.

அந்த அமைப்புப் பக்கத்தில் பொதுவாக நாலைந்து கட்டங்கள் இருக்கும்: பெயர், சேனல், பாதுகாப்பு வகை, கடவுச்சொல், நிர்வாகியின் கடவுச்சொல். பெட்டியைப் பொருத்த வந்தவர் அவசரத்தில் தொடாமல் விட்டுப் போகும் கட்டங்களும் இவையே.

பெயரிலிருந்து தொடங்குவோம். யாரும் இணைந்திருக்காவிட்டாலும் அணுகு புள்ளி ஓயாமல் 'நான் இன்னார்' என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. வழக்கமான இடைவெளி 102.4 மில்லிநொடி, நொடிக்குப் பத்து தடவை என்று கொள்ளலாம். நடுச்சாமத்திலும், வீட்டில் ஆளில்லாதபோதும் இது நடக்கும். பெயருக்கு ஒரு நீள வரம்பு உண்டு: 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் கூடத் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'செஞ்சி' என்று பெயர் வைத்தால் ஆறு குறி, 18 பைட், தாராளமாக இடமிருக்கிறது. 'செஞ்சிக்கோட்டை' என்று வைக்கப் பார்த்தால் பதினான்கு குறி, 42 பைட், கருவி ஏற்காது. தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டுத் தோற்றவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

அடுத்தது சேனல். வைஃபையின் பழைய வீடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள். ஓர் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் 2005-ல் இந்தப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். இதை 13 சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்றாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஓர் ஒலிபரப்போ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கிறது. எனவே ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். கடைத்தெருவில் முப்பது ரவுட்டர்கள் இருந்தால் அவை எல்லாம் இந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்ள வேண்டும். ராஜகிரி உச்சிக்கு ஏறிவிட்டால் குறுக்கே சுவரோ பாறையோ இல்லை. கீழே பக்கத்துத் தெருவுக்கே எட்டாத அலைகளும் நேர்க்கோட்டில் மேலே வரும், மங்கலாக.

சின்னப் பெட்டிகளில் சேனலுக்கு இன்னொரு வினோதமும் உண்டு. பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு ரேடியோ. அது ஒரு பக்கம் அணுகு புள்ளியாகக் கைபேசியோடும், இன்னொரு பக்கம் வீட்டு ரவுட்டரோடும் பேச வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே சேனலில்தான் செய்ய முடியும். கைபேசி பெட்டியோடு சேனல் 1-ல் பேசிக்கொண்டிருக்கிறது, வீட்டு ரவுட்டர் சேனல் 6-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் விவரங்களை நிரப்பி 'சேமி' பொத்தானை அழுத்திய கணத்தில் பெட்டி 6-க்குத் தாவுகிறது. கைபேசி அறுந்துவிடுகிறது, பக்கம் உறைந்து நிற்கிறது. 'வேலை செய்யவில்லை' என்று நினைத்து நாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். உண்மையில் அது வேலை செய்ததன் அடையாளமே அந்த அறுந்துபோதல். அரை நிமிடம் பொறுத்து மறுபடி இணைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த அமைப்புகளைச் சரியாகத் திருப்புவதால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் மையங்களோடு வைஃபை மூலம் இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிக் ப்ரூவரின் தலைமையில் முயன்றார்கள். 2006-ல் ஐந்து மையங்கள் இணைந்தன. மையத்துக்கு வரும் நோயாளியைத் தேனியிலிருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்தார். பயன்பட்டவை விலை குறைந்த ஒற்றைப் பலகைக் கணினிகளும், கோபுரத்தில் ஏற்றிய குவி ஆன்டெனாக்களும்.

வீட்டுக்குள் முப்பது மீட்டருக்கு வடிவமைத்த வைஃபை, பல கிலோமீட்டர் தூரத்தில் ஒரு காரணத்தால் தடுக்கியது. வைஃபையில் ஒரு துண்டுச் செய்தி போனதும் மறுமுனை 'வந்தது' என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். அது வரும்வரை அனுப்பியவர் மைக்ரோநொடிக் கணக்கில்தான் காத்திருப்பார். ஒளியின் வேகத்தில் போனாலும் 10 கிலோமீட்டர் போய் வர சுமார் 67 மைக்ரோநொடி ஆகிவிடுகிறது. ஒப்புதல் வந்துகொண்டிருக்கும்போதே 'தொலைந்தது' என்று முடிவுகட்டி அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, இணைப்பு திணறியது. ஆய்வாளர்கள் இந்தக் காத்திருப்பு விதியையே மாற்றி எழுதினார்கள். 2008-ல் அவர்கள் வெளியிட்ட அனுபவக் கட்டுரையைப் படித்தால் ரேடியோவைவிட அதிகம் படுத்தியது மின்சாரம் என்று புரிகிறது. எகிறும் வோல்டேஜில் பலகைகள் எரிந்தன. திடீர் மின்வெட்டில் ஃபிளாஷ் அட்டைகள் கெட்டன. மோட்டார் கொட்டகையில் பெட்டி வைப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய கட்டுரை அது.

இனி அமைப்புப் பக்கத்துக்கே திரும்பி, இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு வகை என்ற கட்டத்தைத் திறந்தால் திறந்த நிலை, டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 என்று ஒரு வரிசை இறங்கும். இது இருபதாண்டுத் தோல்விகளின் வரலாறு. 1997-ல் வைஃபை தரநிலையோடு வந்த முதல் பூட்டு டபிள்யூ.இ.பி. 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் அதன் குறியாக்கத்தில் அடிப்படை ஓட்டையைக் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைத்துக் காட்டினார்கள். அதில் எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்தாலும் பயனில்லை. இன்று அதைத் தேர்ந்தெடுப்பதும் திறந்து போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றே.

2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 அப்படியல்ல. இன்றும் பெரும்பாலான பெட்டிகள் நம்பியிருப்பது இதைத்தான். இதன் உள்வேலை புரிந்தால் எந்தக் கட்டத்துக்கு உண்மையிலேயே உயிர் இருக்கிறது என்பது விளங்கிவிடும். பிரச்சினை இதுதான்: கைபேசிக்குக் கடவுச்சொல் தெரியும் என்பதைப் பெட்டியிடம் நிரூபிக்க வேண்டும்; ஆனால் கடவுச்சொல்லைக் காற்றில் சொல்லிவிடக் கூடாது, தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சாம்பார்ப்பொடிப் பக்குவம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டம்மா உண்மையிலேயே அந்தப் பக்குவம் அறிந்தவர்தானா என்று இந்த வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டும். இவர் தன் வீட்டு மல்லியில் ஒரு கை அள்ளி அங்கே அனுப்புகிறார். அவர் தன் வீட்டு மிளகாயில் ஒரு கை இங்கே அனுப்புகிறார். இருவரும் அதே மல்லி, அதே மிளகாயோடு தத்தம் சமையலறையில் ரகசிய அளவில் மற்றவற்றைச் சேர்த்து அரைத்து, ஒரு சிட்டிகை பொடியை மாற்றிக்கொள்கிறார்கள். நிறமும் மணமும் ஒத்துப்போனால் இருவருக்கும் பக்குவம் தெரியும் என்று அர்த்தம். அளவை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. நாளைக்கு வேறு மல்லி, வேறு மிளகாய். எனவே இன்றைய பொடியைத் திருடி நாளைக்குக் காட்டி ஏமாற்ற முடியாது.

கைபேசியும் பெட்டியும் இதையே நான்கு செய்திகளில் செய்கின்றன. மல்லியும் மிளகாயும் அவை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் தற்செயல் எண்கள். பக்குவம், கடவுச்சொல். பொடி, இவற்றைக் கலந்து கணக்கிட்ட ஒரு முத்திரை. இதற்கு நான்கு கட்டக் கைகுலுக்கல் என்று பெயர்.

இப்போது தெருவில் நின்று பார்த்தவரை யோசியுங்கள். அவர் மல்லியைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார், சிந்திய பொடியில் ஒரு சிட்டிகை எடுத்தும் வைத்துக்கொண்டார். பொடியைப் பிரித்து அளவைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் வீட்டுக்குப் போய், இந்த அளவில் அரைத்தால் இந்த மணம் வருகிறதா, அந்த அளவில் வருகிறதா என்று ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கலாம். அவரை யாரும் தடுக்க முடியாது. மூன்று தடவை தப்பானால் பூட்டிவிடும் ஏற்பாடு இங்கே உதவாது, ஏனென்றால் அவர் நம் வாசலிலேயே இல்லை. டபிள்யூ.பி.ஏ.2-ன் பலவீனம் முழுவதும் இந்த ஒரு சிட்டிகையில் இருக்கிறது.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால் அரைப்பதைக் கடினமாக்கினார்கள். கடவுச்சொல்லை அப்படியே கலக்காமல் 4,096 சுற்று அரைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். நமக்கு அது நொடியில் முடிகிற வேலை. ஊகிப்பவருக்கோ ஒவ்வோர் ஊகத்துக்கும் அந்த உழைப்பு. அரைக்கும்போது வலையமைப்பின் பெயரையும் சேர்த்தே அரைக்கச் சொன்னார்கள். குறியாக்கத் துறையில் இதற்கு உப்பு என்றே பெயர். பெயர் மாறினால் பொடி முழுக்க மாறிவிடும். ஒரு காலத்தில் அதிகம் புழங்கும் 1,000 பெயர்களுக்கு லட்சக்கணக்கான கடவுச்சொற்களை முன்கூட்டியே அரைத்து அட்டவணையாக வெளியிட்டார்கள். ரவுட்டரோடு வந்த பெயரை மாற்றாதவர்களுக்கு அது ஆபத்தாயிற்று. எனவே பெயர்க் கட்டத்தில் உங்களுக்கென்று ஒரு பெயர் எழுதுவது வெறும் அலங்காரம் இல்லை.

அவ்வளவு அரைத்தும் இன்றைய எந்திரங்கள் வேகமானவை. விளையாட்டுக் கணினிகளுக்கு வாங்கும் உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு 20 லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். இதை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடவுச்சொல் எட்டு இலக்க எண் என்றால் இருக்கக்கூடியவை மொத்தம் 10 கோடி. ஐம்பதே நொடியில் முடிந்தது. நம் ஊரில் பெரும் பழக்கம் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது. பத்து இலக்கம், நீளமாகத் தெரிகிறது. ஆனால் இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடிக்கு மேல் போகாது. முப்பத்து மூன்று நிமிடம். கடைப் பலகையிலேயே அந்த எண் எழுதியிருந்தால் அதுவும் வேண்டாம்.

எழுத்துக்கு மாறுங்கள். தற்செயலாகப் பொறுக்கிய எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளுக்கு ஒரு நாளும் கொஞ்சமும். பன்னிரண்டு எழுத்துகளுக்குச் சுமார் 1,500 ஆண்டு. நாலு எழுத்துதான் கூடியது. நீளம் கூடக் கூடக் கணக்கு கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. ஒவ்வோர் எழுத்தும் முந்தைய வேலையை 26 மடங்காக்குகிறது.

பன்னிரண்டு அர்த்தமற்ற எழுத்துகளை யார் நினைவில் வைப்பது? அதற்கும் வழி இருக்கிறது. டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொல்லில் 8 முதல் 63 வரை ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் மட்டுமே வரலாம். தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ஐயாயிரம் சாதாரணத் தமிழ்ச் சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாலைத் தேர்ந்தெடுங்கள், கலப்பை, பூசணி, ஜன்னல், அத்தை என்பதுபோல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையாக. அந்தப் பட்டியலே எதிரியின் கையில் இருந்தாலும் அதே அட்டைக்குப் பத்து ஆண்டு வேலை. ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஏறக்குறைய 50,000 ஆண்டு. சொற்களை நம் மனம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். மனம் தேர்ந்தால் சாமி பெயரும் பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் பாட்டு வரியும்தான் வரும். ஊகிப்பவரின் பட்டியலில் முதல் பக்கத்தில் இருப்பவையும் அவைதான்.

டபிள்யூ.பி.ஏ.3 இந்தச் சிட்டிகைப் பிரச்சினையையே தீர்க்கப் பார்த்தது. 2018-ல் அறிவிக்கப்பட்ட இந்த முறையில், கேட்டு வைத்த செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் அரைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் பெட்டியிடமே வந்து கதவைத் தட்ட வேண்டும். 2019-ல் மேத்தி வான்ஹோஃப், எயால் ரோனென் என்ற ஆய்வாளர்கள் இதிலும் ஓட்டைகளைக் கண்டார்கள், அவை திருத்தப்பட்டன. உங்கள் பெட்டியின் பட்டியலில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கைபேசி இணைய மறுத்தால் இரண்டும் கலந்த நிலையை வையுங்கள்.

சில கட்டங்கள் பாதுகாப்பு மாதிரித் தோன்றும், ஆனால் ஒன்றும் காக்காது. 'பெயரை மறை' என்பது ஒன்று. மறைத்தால் பெட்டி பெயரைச் சொல்லாது, ஆனால் இணைய வரும் கைபேசி சொல்லிவிடும். அதைவிட மோசம், மறைந்த பெயரைத் தேடி நம் கைபேசி போகிற ஊரெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு திரியலாம். 'இந்தக் கருவிகளை மட்டும் அனுமதி' என்று வன்பொருள் முகவரிகளைப் பட்டியலிடுவது இன்னொன்று. அந்த முகவரி ஒவ்வொரு செய்தியின் தலையிலும் குறியாக்கம் இல்லாமல் போகிறது. கேட்டவர் அதையே தன் கருவிக்குச் சூட்டிக்கொள்ளலாம். இதை நம்பிக்கையின்பேரில் ஏற்க வேண்டாம். மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளும் பொருத்தமான வைஃபை அட்டையும் இருந்தால் உங்கள் வீட்டு வலையமைப்பையே கவனித்துப் பார்க்கலாம். பெயரும் முகவரிகளும் படிக்கும்படி ஓடும். உள்ளடக்கம் மட்டும் குப்பையாகத் தெரியும்.

பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியின் எட்டு இலக்க எண் முறை வேறுவிதமாக ஏமாற்றியது. கோடிக்கணக்கில் ஊகிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். முதல் நாலு இலக்கம் சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே காட்டிக் கொடுக்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் வெளியிட்டார். முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. ஆக 11,000 முயற்சி போதும். அந்தக் கட்டம் இருந்தால் அணைத்துவிடுவதே நல்லது.

இத்தனைக்கும் என் வீட்டு இன்வெர்ட்டரை யார் உடைக்கப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இதற்கு விடை சொன்னது. அது யாரையும் குறிவைக்கவில்லை. இணையத்தில் தெரியும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வரிசையாகத் தட்டி, தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் சோடிகள் சுமார் அறுபதை மட்டும் முயன்றது. 'அட்மின், அட்மின்' போன்றவை. லட்சக்கணக்கான கருவிகள் அதன் கைக்குப் போயின. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, பெரிய தளங்களுக்கு முகவரிச் சேவை தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் எட்டாமல் போயின. நம் நாட்டில் இதற்கு முன்பே வேறொரு பாடம் கிடைத்திருந்தது. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்றுமுன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதைத் தேடிப்போன காவல்துறை நவி மும்பையில் ஒருவரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய பூட்டாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதன்பின் 2009-ல் மும்பை போலீசார் தெருத்தெருவாகத் திறந்த வைஃபைகளைத் தேடினார்கள்.

இதில் பயனாளரை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கும் 12345678 என்ற ஒரே கடவுச்சொல்லை அச்சிட்டு அனுப்புவது தயாரிப்பாளரின் முடிவு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனிக் கடவுச்சொல்லை ஸ்டிக்கரில் அச்சிடப் பெரிய செலவு ஆகாது. கலிபோர்னியா 2020-லும் பிரிட்டன் 2024 ஏப்ரலிலும் எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல் வைப்பதைச் சட்டத்தால் தடுத்தன. அமைப்பு முடிந்தபின் அணுகு புள்ளி தானே அணைந்துகொள்வதும், பொத்தானை அழுத்தினால் மட்டும் சில நிமிடம் எழுவதும் நல்ல வடிவமைப்பு. அணைந்திருக்கும் ரேடியோவை எந்த கிராஃபிக்ஸ் அட்டையும் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். கேட்பவர் கூடினால்தான் கடைக்காரரும் கம்பெனியைக் கேட்பார்.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் நிர்வாகிக் கடவுச்சொல் வேறு. அதையும் மாற்ற வேண்டும். சின்னப் பெட்டிகளின் பக்கம் பெரும்பாலும் குறியாக்கம் இல்லாமலே வருகிறது. டபிள்யூ.பி.ஏ.2-ல், வைஃபை கடவுச்சொல் தெரிந்த இன்னொருவர் உங்கள் கைகுலுக்கலையும் கேட்டிருந்தால் நீங்கள் அங்கே தட்டுவதைப் படித்துவிடலாம். விடுதியில் தங்குபவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையிலேயே கேமராவையும் இணைத்து வைப்பது இதனால் ஆபத்து. விருந்தினருக்கு என்று தனி வலையமைப்பு வைக்க இப்போது பெரும்பாலான ரவுட்டர்களில் வசதி இருக்கிறது.

மென்பொருள் புதுப்பிப்பும் இதில் சேரும். 2017-ல் அதே வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ.2 கைகுலுக்கலின் மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பி ஏமாற்ற முடியும் என்று காட்டினார். கைபேசிகளும் கணினிகளும் சில மாதங்களில் திருத்தம் பெற்றன. புதுப்பிப்பே வராத பெட்டிகள் அப்படியே சுவரில் தொங்கின.

கடைசியாக, பழுதான பெட்டி. அமைப்பு முடிந்தபின் உங்கள் வீட்டு ரவுட்டரின் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். தயாரித்தவர் குறியாக்கம் செய்திருந்தால் ஒழிய, அது படிக்கும்படியே இருக்கும். 2019-ல் ஓர் ஆய்வாளர் ஸ்மார்ட் பல்பு ஒன்றை அறுத்து, உள்ளிருந்த சில்லிலிருந்து வீட்டு வைஃபை கடவுச்சொல்லை அப்படியே எடுத்துக் காட்டினார். மின்சாரம் போனாலும் ஃபிளாஷ் மறப்பதில்லை. எனவே பழைய கேமராவையோ இன்வெர்ட்டர் டாங்கிளையோ மாற்றிக் கொடுக்குமுன் ரீசெட் பொத்தானைப் பத்து நொடியாவது அழுத்திப் பிடியுங்கள். பெட்டி உயிரே இல்லாமல் போய், பழைய இரும்புக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமென்றால் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கொடுங்கள்.